டிசம்பர் தாளில் உங்கள் கை

அக்கா,

இன்று அச்சகத்தில் சரிபார்க்க என் மேசைக்கு வந்த காலண்டர் மாதிரியில், டிசம்பர் தாளில் உங்கள் இடது கை இருந்தது. முகம் இல்லை. பட்டாசு விபத்தில் விரல்கள் ஒட்டிப்போன அந்தக் கைமேல் பாதி மாட்டியபடி ஒரு வெள்ளைக் கையுறை. கீழே, ‘அன்பின் கதகதப்பு’ என்று அச்சிட்டிருந்தார்கள்.

ஆமத்தூர் சமுதாயக் கூடத்தில், சித்திரை வெயிலில், ஒரு தொண்டு அமைப்புக்காக, பனிநாட்டுக்குப் போகும் கையுறைகளைப் பின்னினீர்கள். ஓர் ஊசியை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு, வலது கையாலேயே கண்ணி கண்ணியாகப் போடுவீர்கள். வியர்வை பட்ட கம்பளி, நனைந்த ஆடுபோல நாறும்.

“கட்டைவிரலுக்குத் தனி அறை, மத்த நாலுக்கும் ஒரே அறை. எனக்குன்னே அளவெடுத்த மாதிரில்ல இருக்கு, புள்ள!” என்று சிரித்தீர்கள்.

கையுறையின் உட்பக்கம் முடிச்சு உறுத்துகிறதா என்று பார்க்க அந்தக் கையைத்தான் உள்ளே விடுவீர்கள். வெந்து ஆறிய தோலுக்குச் சின்ன முடிச்சும் தெரியும். அதை அந்தத் தொண்டு அமைப்பின் அம்மையார் பார்த்துவிட்டார். கையுறையை இரண்டு விரலால் தூக்கி ஓரமாகப் போட்டு, என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். பட்டம் படித்தவள் என்று என்னைத்தானே மொழிபெயர்க்க உட்கார்த்தியிருந்தார்கள்.

“உள்ள கைய விட வேண்டாமாம்க்கா. வாங்குறவுகளுக்கு அருவருப்பா இருக்குமாம்.”

மாற்றிச் சொல்லியிருக்கலாம். பயத்தில் அப்படியே சொன்னேன். நீங்கள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டீர்கள். பிறகு கேமரா வந்தபோது, “எங் கையப் படம் எடுக்க வேண்டாம்னு சொல்லு. எம் மக பள்ளிக்கூடம் போறா, நாலு பேரு பாப்பாக” என்றீர்கள். அதையும் சொன்னேன். அம்மையார் தலையாட்டினார். ஆனாலும் எடுத்து, தங்கள் காலண்டரில் போட்டிருக்கிறார்கள்.

“பார்ட்டி குடுத்த படம்மா, நமக்கென்ன? கையெழுத்தப் போடு” என்றார் அச்சக மேலாளர். போடவில்லை. அம்மையாரை நானே தொலைபேசியில் அழைத்து ஆங்கிலத்தில் பேசினேன்.

“அவங்கதான் இறந்துட்டாங்களே! இனி யார் வருத்தப்படப் போறாங்க?”

“அவங்க மக இருக்கா” என்றேன். என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது.

மாலையில் வேறு படம் வந்தது. கை இல்லை, கையுறைகள் மட்டும். கையெழுத்துப் போட்டேன்.

அந்த அம்மையாரை நினைத்தால் இன்னும் அருவருப்பாக இருக்கிறது. ஆனால் அக்கா, அவர் பேசியது உங்களுக்குப் புரியவே இல்லை. ‘அருவருப்பு’ என்ற அந்த வார்த்தை உங்களுக்கு நம் பேச்சில், என் குரலில்தான் கேட்டது.