இடது இறக்கையின் ஓட்டைகள்

சேசு மரி சூசை துணை.
சாந்தோம் குப்பம், 1936 டிசம்பர் 9, புதன்கிழமை.

ரங்கூனில் இருக்கும் என் மகன் மிக்கேலுக்கு அம்மா தேசம்மா கன்னத்தில் முத்தம் வைத்து எழுதுவது. மாதா தயவில் நானும் உன் நைனாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், உன் நைனாவின் புத்தியைப் பற்றி மட்டும் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. உன் சுகத்தை நீ எழுது. போன கடிதத்தில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, மீன் குழம்பு நம் வீட்டு ருசிக்கே அமைகிறது என்று எழுதியிருந்தாய். மூன்று கடிதமாகக் குழம்பைப் பற்றி எழுதுகிறாய், வைக்கிறது யார் என்று ஒன்றிலும் இல்லை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை மில் இன்ஜினோடு கிடக்கிற பிள்ளைக்குப் புளி கரைக்க ஏது நேரம். நான் ஒன்றும் கேட்கவில்லை, என் மனதில் பட்டதைச் சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான். கன்னியாஸ்திரீகளிடம் மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவள் எழுதுவது, பிழையைப் பார்த்துச் சிரித்துவிட்டு மேலே படி.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் நைனா வானத்தில் ஏற இருந்தார். கேலி இல்லை, நிஜமாக. அடையாற்றில் ஆற்றை ஒட்டின தென்னந்தோப்பில் ஸ்ரீரங்கன் என்று ஒரு ஐயங்கார் வீட்டுப் பிள்ளை இருக்கிறாரே, சீமையிலிருந்து மரப்பெட்டிகளில் துண்டு துண்டாக ஏரோப்பிளேனை வரவழைத்துப் படம் போட்ட புஸ்தகத்தைப் பார்த்துத் தானே பூட்டினவர், அவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். நாலைந்து தடவை பறக்கவும் பறந்தார். ஆனியில் இறங்கும்போது ஒரு சவுக்குக் கட்டையில் மோதி இடது இறக்கை முறிந்துபோயிற்று. இறக்கை என்றால் இரும்பு இல்லை, உள்ளே மீன் முள்ளு மாதிரி வரிசையாக மெல்லிய மரச் சட்டம், மேலே துணி, அவ்வளவுதான். சட்டத்தை ஒட்டுவதற்குப் பாலிலிருந்து எடுத்த ஏதோ மாவாம், தண்ணீரில் குழைத்தால் பசையாகிறது. ஒட்டுகிற வேலை ஸ்ரீரங்கனுக்கு வந்தது, துணியை இழுத்துச் சட்டத்தோடு தைக்கிற வேலைதான் வரவில்லை. கயிற்றால் பலகையைத் தைத்துப் படகு கட்டுகிற ஆள் யார் என்று விசாரித்துக்கொண்டு குப்பத்துக்கே வந்துவிட்டார். உன் நைனா ஒரு மாதம் தைத்தார். தையலைப் பார்த்து மகிழ்ந்துபோன ஸ்ரீரங்கன், மேஸ்திரி, இது தயாரானதும் முதல்ல உம்மைத்தான் பக்கத்துல உக்கார வச்சுண்டு கிளம்பப் போறேன் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து உன் நைனா தெருவில் நடக்கும்போது தரையைப் பார்ப்பதே இல்லை, இரண்டு தடவை சாணியை மிதித்தார்.

அந்தத் தோப்பில் ஏரோப்பிளேன் நிற்கிற கொட்டகையில் கோதண்டபாணி என்று ஒருத்தன் உண்டு. தேனாம்பேட்டையில் பஸ் ரிப்பேர் செய்கிறவன், இங்கே வந்து இன்ஜினைப் பார்ப்பான். உன் நைனா வருவதற்கு முன்னே அவன் ஒருத்தன்தான் அங்கே வேலை தெரிந்த ஆள். பேசமாட்டான், ஏதாவது கேட்டால் மீசைக்குள் சிரிப்பான். செவுளுக்குச் சாயம் தடவின மீனையும் பேசாமல் சிரிக்கிற ஆளையும் நான் நம்புகிறதில்லை. முதல் நாளே, இன்னாப்பா, நாக்கை இன்ஜினுக்குள்ள வுட்டுட்டியா என்று கேட்டேன், அதற்கும் சிரிப்புதான். அடையாற்று பங்களாக்களில் மீன் கூடையை இறக்கிவிட்டு உன் நைனாவுக்குச் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் அவனை ஒரு கண் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது நடந்தது கேள். துணி தைத்து முடித்த இறக்கையின் அடிப்பக்கம், பூட்ஸில் கயிறு கோக்கிற ஓட்டைக்கு வைப்பார்களே, அதுபோல ஒரு வளையம் வைத்துச் சின்னச் சின்ன ஓட்டையாகப் போட்டிருந்தது. புஸ்தகத்தில் அப்படி இருக்கிறதென்று ஸ்ரீரங்கன் போட்டார். உன் நைனா என்னைக் கூப்பிட்டுக் காட்டி, இன்னாமே இது, தச்சு முடிச்சிட்டு அடியில ஓட்டை போட்டு வச்சிக்கிறாங்க, கடலப் பாத்தவன் எவனாவது இப்டி செய்வானா என்று சிரித்தார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. படகில் விரிசலை அடைக்கிறதுபோலப் பஞ்சைக் குங்கிலியத்தில் தோய்த்து ஒவ்வொன்றாக அடைத்தார். சீமையிலேயே தைத்து வந்த வலது பக்கத்திலும் அதே ஓட்டை உண்டு, அதைத் தொடவில்லை, அது நான் தச்சது இல்ல, தச்சவன் பாடு என்றார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் எல்லா ஓட்டையும் திறந்து கிடக்கிறது. மறுபடி அடைத்தார். மறுபடி திறந்திருந்தது. கொட்டகைக்குள் வருகிறவர்கள் மொத்தம் மூன்று பேர். உன் நைனா அடைக்கிறார், ஸ்ரீரங்கன் பரீட்சைப் பிள்ளை மாதிரி புஸ்தகத்தோடு இருக்கிறார், மிச்சம் யார். ஒருநாள் கோதண்டபாணி வளைந்த கம்பி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இறக்கைக்கு அடியிலிருந்து எழுந்து வந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். உன் நைனாவின் வேலையைக் கெடுத்துப் பெயரைக் கெடுக்கப் பார்க்கிறான் என்று எனக்கு விளங்கிவிட்டது. அவனிடம் நேராகக் கேட்டிருக்கலாம். திருடனிடம் போய்த் திருடினாயா என்று கேட்பார்களா என்று நினைத்தேன்.

ஐப்பசி கடைசியில் ஸ்ரீரங்கன் தங்கை கலியாணத்துக்காகக் கும்பகோணம் பக்கம் போனார், கொட்டகைச் சாவியை உன் நைனாவிடம் கொடுத்தார். நான் விடுவேனா. கோதண்டபாணியை உள்ளே சேர்க்காதே, உன் வேலை முடிந்தது என்று ஐயா சொல்லிவிட்டுப் போனார் என்று அவனிடம் சொல் என்றேன். உன் நைனாவுக்கு மனசே இல்லை, பொய்யாச்சே தேசம்மா என்றார், நான்தான் பிடித்து நச்சரித்தேன். அவன் மூன்று தடவை வந்தான், மூன்று தடவையும் திரும்பிப் போனான். அதற்குள் உன் நைனா மூன்றாம் முறையாக ஓட்டைகளை அடைத்து, அடைத்தது தெரியாதபடி மேலே வெள்ளி வர்ணமும் பூசிவிட்டார். இம்முறை ஒன்றுமே திறக்கவில்லை. பார்த்தாயா யார் கை என்று நான் பெருமையடித்துக்கொண்டேன். வெளியே அடைமழை, கொட்டகையின் கீற்று ஒரு பக்கம் பிய்ந்து ஏரோப்பிளேன்மேல் ஒழுகியது. இருவருமாகக் கோணியைப் போட்டு மூடினோம், அதுவும் நனைந்து ஊறிப்போயிற்று.

ஸ்ரீரங்கன் மழை ஓய்ந்து வந்தார். இறக்கையின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்தார், பளபளவென்று இருந்தது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாரும் மேஸ்திரி என்றார். சனிக்கிழமை சோறு கொண்டுபோன நான், அந்தப் பயல் போவதற்கு முன்னால் வேறு ஏதாவது செய்து வைத்திருப்பானோ என்று இறக்கையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அடியில் குனிந்தேன். வாடை வந்தது மிக்கேலு. வர்ணத்தின் வாடை இல்லை, கெட்ட பாலும் பூஞ்சணமும் சேர்ந்த வாடை. இருபது வருஷமாகச் செவுளைத் தூக்கி மூக்கை வைத்து வாங்குகிறவள் நான், என் மூக்கு பொய் சொன்னதில்லை. இதுக்குள்ள இன்னாவோ கெட்டுக் கீது சாமி என்றேன். உன் நைனா எலி என்றார். ஸ்ரீரங்கன், ஆத்துல அம்மாதான் எதுக்கெடுத்தாலும் வாடை வாடைம்பா, இங்கே நீயா என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இறக்கைக்கு அடியிலேயே கூடையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, இதைத் தொறந்து காட்டாம என் வூட்டுக்காரரை ஏத்தினா என்மேல ஓட்டிக்கினு போங்க என்றேன். வேறு வழியில்லாமல் ஸ்ரீரங்கன் இறக்கையைப் பார்ப்பதற்குக் கோதண்டபாணிக்கே ஆள் அனுப்பினார். இவன்தான் செய்தவன், இவனையே கூப்பிடுகிறாரே என்று உட்கார்ந்தபடியே முணுமுணுத்தேன்.

அவன் வந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. கட்டைவிரலால் இறக்கையை அங்கங்கே அமுக்கினான். அடியில் படுத்தான். ரொம்ப நேரம் கழித்து, ஓட்டைங்க எங்க போச்சு என்றான். அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பேச்சு அதுதான். வளைந்த கம்பியால் வெள்ளி வர்ணத்தைச் சுரண்டிக் குத்தினான், பழுப்பாக ஒரு செம்புத் தண்ணீர் அவன் நெற்றியில் கொட்டியது. துணியைக் கிழித்தார்கள். பசை வெள்ளைப் பூஞ்சணமாகிக் கிடந்தது, ஒட்டின சட்டம் உன் நைனா தொட்டதுமே இரண்டாகக் கையோடு வந்தது. வலது இறக்கையையும் ஒரு ஓரம் பிரித்துப் பார்த்தான், அது காய்ந்த முறம் மாதிரி இருந்தது. மேஸ்திரி, இது கடல்ல போறது இல்ல, உள்ள எறங்கற தண்ணி வெளிய வழியணும், அதுக்குத்தான் ஓட்டை, துணி நூலும் பெயின்டும் போயி அடைச்சிக்கினு கீதுன்னு நான் குத்திக் குத்தி வுட்டுக்கினு இருந்தேன் என்றான். உன் நைனா கையில் சட்டத்துண்டை வைத்துக்கொண்டே, பெயின்ட் இல்லப்பா, நான்தான் அடைச்சேன், உன்னை வராதேன்னதும் நான்தான், ஐயா ஒண்ணும் சொல்லல என்றார். ஸ்ரீரங்கன் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் இந்நேரம் எவ்வளவு உயரத்தில் இருந்திருப்போம் என்று அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. நானும் அங்கேதான் இருந்தேன். ஊரையே கேலி பேசுகிற வாய், அன்று உன் நைனா என் பொய்யையும் சேர்த்துத் தன்மேல் போட்டுக்கொண்டபோது திறக்கவில்லை.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நேற்று மாதா திருநாள் பூசை முடிந்ததும் நேராகத் தேனாம்பேட்டைக்கு நடந்தேன். கோதண்டபாணி பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தான். வெளியே நீட்டியிருந்த அவன் காலைப் பார்த்தே பேசினேன், முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. உன்னைத் தொரத்தச் சொன்னது அவரு இல்ல, நான்தான், உன்மேல சந்தேகப்பட்டேன் என்றேன். சுத்தியலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், தெரியும்கா, மேஸ்திரிக்குப் பொய் வராது, மூணு வாட்டியும் தரையப் பாத்துக்கினே சொன்னாரு, பின்னால யாரோ சொல்லிக் குடுத்துக்கிறாங்கன்னு அப்பவே தெரியும் என்றான். வருகிற திங்கட்கிழமையிலிருந்து வந்து உன் நைனாவோடு உட்கார்ந்து இறக்கையை முதலிலிருந்து பிரித்துக் கட்டுகிறானாம். பின்னால், ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்கா, அடுத்த வாட்டி பறக்கறப்போ மொதல்ல நான் குந்திக்கினு போயி வரேன், நல்லா கீதுன்னா அப்பறம் மேஸ்திரி ஏறட்டும் என்றான்.

இதில் என்ன சூது இருக்கும் என்று மந்தைவெளி வரும்வரை யோசித்தேன். உன் நைனாவின் இடத்தைப் பறிக்கிறானா, ஐயாவிடம் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறானா என்று எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்தேன். வீட்டு வாசல் வந்துவிட்டது, ஒன்றும் கிடைக்கவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். உன் நைனா கேட்டதற்கு மிளகாய் அரைத்த கை பட்டுவிட்டது என்றேன், அவரும் நம்பிவிட்டார்.

இங்கே மழைக்காலம் முடியவில்லை, அங்கே எப்படியோ, தலையைத் துவட்டாமல் படுக்காதே. மாதாவும் சம்மனசுகளும் உன்னைக் கண்ணில் வைத்துக் காக்கட்டும், நீ எங்கே கை வைத்தாலும் விளங்கட்டும். பண்டிகைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுப் பூசை காண மறந்துவிடாதே. நானும் போகவேண்டும், இந்த வருஷம் சாமியாரைக் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரச் சொல்லவேண்டும், நான் சொல்லவேண்டிய பாவம் அவ்வளவு நீளமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
தேசம்மா