மச்சான் கொண்டுவந்த ஹெட்போன்

1974 பிப்ரவரி 3, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் வீட்டில் விக்டர் மச்சான் உட்கார்ந்திருக்கிறார். சிங்கப்பூர் போன கப்பல் திரும்பிவிட்டது. அம்மாவுக்குக் குடை, தங்கச்சி பேபிக்கு சென்ட், ஆக்னஸ் அக்காவுக்கு என்னென்னவோ. எனக்கு ஹெட்போன். கேட்டு வாங்கியதுதான். அடுத்த மாதக் கடைசியில் மெட்ராஸில் வயர்லெஸ் ஆபரேட்டர் பரீட்சை. பவுல் சார் வகுப்பில் இருப்பது பட்டாளத்துப் பழைய ஹெட்போன். இரண்டு பேருக்கு ஒன்று. ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு மோர்ஸ் எழுதுகிறோம். எனக்கு வலது, ஜெயசிங்குக்கு இடது. இனி அந்தப் பங்குப் பிழைப்பு வேண்டாம்.

"காத முழுசா மூடிரும் மாப்ள. வெளிச்சத்தம் ஒண்ணும் உள்ள வராது," என்றார் மச்சான். கறுப்புப் பிளாஸ்டிக்கில் இரண்டு கிண்ணம், சுற்றிப் பஞ்சு அடைத்து ரெக்ஸின் தைத்த மெத்தை. கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது இதுதான் என்று அவரே சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 4

காது வெந்துபோகிறது. ரெக்ஸின் வேர்வையில் ஒட்டிக்கொள்கிறது, கழற்றும்போது தோலோடு வந்துவிடுமோ என்றிருக்கிறது. தலைப்பட்டை உச்சியை அழுத்துகிற அழுத்தில் கழற்றிய பிறகும் மாட்டியிருக்கிற மாதிரியே இருக்கிறது. இதைச் செய்தவன் தூத்துக்குடி வெயிலைப் பார்த்திருக்க மாட்டான்.

அதைக்கூடப் பொறுக்கலாம். இடது பக்கம் சத்தமே வரவில்லை.

பிப்ரவரி 5

பால்துரை அண்ணாச்சியின் ரேடியோ கடைக்குக் கொண்டுபோனேன். திருகிப் பார்த்தார். "இது ரெண்டு பக்கமும் தனித்தனியா பாட்டு வார செட்டுக்கு உள்ளது தம்பி. உம்ம ரேடியோவுல ஒரு பக்கந்தான் பேசும். வயரச் சேத்துப் பத்தவச்சித் தாரேன்." பற்றவைத்தார். தானே மாட்டிக் கேட்டு, "ரெண்டும் கணீர்னு இருக்கு" என்றார்.

வீட்டில் மாட்டினால், இடது பக்கம் யாரோ போர்வைக்குள் இருந்து பேசுகிற மாதிரி. வலதோ அவ்வளவு சுத்தம்! எதிர்வீட்டுக் கல்யாணத்து ரேடியோ செட் குழாய் நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கத்துகிறது. மாட்டினதும் அது எங்கேயோ போய்விட்டது. தூரத்துக் கப்பல் தட்டுகிற புள்ளியும் கோடும் சுளகில் புடைத்த அரிசி மாதிரி தனித்தனியாக விழுகிறது. ஒரு பக்கம் இத்தனை நல்ல சாமான் மறுபக்கம் எப்படி இத்தனை கேடாக இருக்கும்? அண்ணாச்சி பற்றவைத்த லட்சணம்.

பிப்ரவரி 9

வகுப்புக்கு ஹெட்போனைக் கொண்டுபோனேன். பவுல் சார் இன்று வேண்டுமென்றே இரைச்சலைக் கலந்து அனுப்பினார். மற்றவர்கள் எழுதினார்கள். என் தாளில் பாதி ஓட்டை. "கப்பல்ல வார சிக்னல் இப்படித்தான் வரும். ரெண்டு காதையும் குடுத்துக் கேளு," என்றார். கொடுக்காமலா இருக்கிறேன்?

ஜனவரியில் வகுப்புக்குப் போகாததும் சேர்ந்துகொண்டது. அப்பாவோடு சங்கு குளிக்கும் ஆளுக்கு மஞ்சள்காமாலை. "அவன் தேறுத வரைக்கும் இந்த சீசனுக்குக் கைகுடுல," என்றார். போனேன். இறங்கிய மறுநாளே ஆழத்தில் இடது காது உடைந்தது. ஏறி வந்தபோது கழுத்தெல்லாம் ரத்தம். வள்ளத்தில் அத்தனை பேரும் சிரித்தார்கள். "காது தொறந்துட்டுல, இனி எவ்வளவு ஆழம் போனாலும் வலிக்காது." புதிதாக இறங்குகிற எவனுக்கும் இப்படித்தான். காது திறந்தவன் வள்ளத்துக்கு மிட்டாய் வாங்கிக்கொடுக்க வேண்டும், அது வழக்கம். நானும் கொடுத்தேன். அப்பா ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டார்.

அந்தக் கடலை விட்டு ஏறத்தான் இந்தப் பரீட்சை. கப்பலில் ஆபரேட்டர் என்றால் தனி அறை, வெள்ளைச் சட்டை. வெள்ளைச் சட்டைகூட வேண்டாம். தண்ணீருக்கு மேலே பிழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 10

மச்சானோடு சண்டை. "மலிவுச் சரக்க என் தலையில கட்டிட்டீய," என்று நான்தான் ஆரம்பித்தேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒங்கக்காவுக்கு எடுக்க வச்சிருந்த சேலைய விட்டுட்டுத்தான் இத வாங்குனேன். எனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்." அக்கா அழுதாள். அழட்டும். டெக் கழுவுகிறவருக்கு ஹெட்போன் வாங்கத் தெரியுமா என்று நான் கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டேன்.

பிப்ரவரி 14

வெளியே போய்விட்டு வந்தால், பேபி ஹெட்போனை மாட்டிக்கொண்டு சிலோன் ரேடியோ கேட்கிறாள். கண்ணை மூடி ஆடுகிறாள். அதட்டினேன். பிறகு சும்மா கேட்டேன்: "எடது பக்கம் எப்படிக் கேக்கு?"

"ரெண்டும் ஒண்ணுபோலத்தான் கேக்கு அண்ணே."

"நல்லாக் கேட்டுச் சொல்லு ஏளா."

"நல்லாத்தான் கேக்குதேன். எம்மா, என்ன அருமையா இருக்கு! தலைக்குள்ளேயே ஆள் நின்னு பாடுத மாதிரி."

பிடுங்கி நான் மாட்டினேன். பழையபடி இடது பக்கம் போர்வை. ஹெட்போனைத் திருப்பி, வலதுக் கிண்ணத்தை இடது காதில் வைத்தேன்.

அங்கேயும் போர்வை.

பிப்ரவரி 15

மறுபடியும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தேன். ஹெட்போனில் ஒரு குறையும் இல்லை.

பிப்ரவரி 18

டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்தார். வாசலில் நின்றவன்கூடக் கேட்டிருப்பான், அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்: "பெரிய ஓட்டை. சங்கு குளிக்கிற ஆளா?" இல்லை, வயர்லெஸ் படிக்கிறேன் என்றேன். அவர் விளக்கை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கப்பல் வேலைக்கான மெடிக்கலில் ஒவ்வொரு காதையும் தனித்தனியாகச் சோதிப்பார்கள். ஆபரேஷன் உண்டு, மெட்ராஸில். ஆனால் சீழ் வைத்திருக்கிறது, முதலில் அது ஆற வேண்டும், ஆறினாலும் பழைய மாதிரி கேட்குமென்று சொல்ல முடியாது. பரீட்சைக்குள் நடக்கிற காரியமில்லை. காதில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

பிப்ரவரி 19

அப்பாவிடம் சொன்னேன். வலை முடிவதை நிறுத்தவில்லை. திரும்பவும், முகத்துக்கு நேரே போய்ச் சொன்னேன்.

"அதுக்கு என்னலே இப்போ? எனக்கு ரெண்டும் தொறந்தாச்சி. நான் ஒங்களுக்குக் கஞ்சி ஊத்தலையா?"

அட மனுசா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஏலே, நீ காத வச்சிப் பொழைக்கப் போறவன், நீ எறங்காதன்னு ஒரு வார்த்தை? மிட்டாய் தின்னீரே, அப்போ தொண்டையில அடைக்கலையா? இதெல்லாம் அவரிடம் கேட்கவில்லை, இங்கேதான் எழுதுகிறேன். அவர் மறைத்திருந்தால்கூட எனக்குக் கோபப்பட ஒரு நியாயம் இருக்கும். அது கேடு என்றே அவருக்குத் தெரியாது. அவருடைய அப்பாவுக்கும் தெரிந்திருக்காது. நான் யாரைப் போய்த் திட்ட?

சரி, எனக்கு எங்கே போயிற்று புத்தி? படித்தவன்தானே. காதில் ரத்தம் வந்த அன்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 2

மச்சான் கப்பலுக்குப் போய்விட்டார். சொல்லிக்கொள்ள வந்தபோது நான் அறையை விட்டு வெளியே வரவில்லை.

மார்ச் 17

ஜெயசிங் இங்கே பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து சைக்கிளில் வந்தான். நான் வகுப்பிலிருந்து நின்றுவிட்டதற்குக் காரணம் கேட்கவில்லை, பவுல் சார் சொல்லியிருப்பார். சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டுக் கடைசியில் ஹெட்போனுக்கு வந்தான். எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

"எப்படிடே சத்தம்?"

"அருமையா இருக்கும். கொஞ்சம் வேர்க்கும், அப்பப்போ தொடச்சிக்கோ. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலக் கேக்கும்," என்றேன்.

மார்ச் 28

இன்று பரீட்சை. பகல் முழுக்கத் தூங்கினேன்.

ஜூலை 11

ஜெயசிங் பாஸ். பம்பாயில் கப்பல் ஏறுகிறான். அம்மா அதை என்னிடம் சொல்லப் பயந்துகொண்டு பேபியிடம் சொல்லியனுப்பினாள். சந்தோஷம் என்றேன். வயிறு எரிகிறது.

டிசம்பர் 9

சீசன் தொடங்கிவிட்டது. அப்பாவின் பழைய ஆள் இனி வரமாட்டானாம். துறைமுக வேலைக்கு எழுதிப் போட்டதற்கு ஒரு பதிலும் இல்லை. விடிந்ததும் போக வேண்டும். டாக்டர் சொன்னது நினைவிருக்கிறது. சாப்பாட்டுக்கு அவர் வழி சொல்லவில்லை.

1976 ஜனவரி 22

வலது காதிலும் ரத்தம். வள்ளத்தில் யாரோ மிட்டாய் கேட்டான். அவன் முகத்தை நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

1977 பிப்ரவரி 22

கடல் தெளிவு. நல்ல சங்கு. குளித்து ஏறி, அப்பாவும் நானும் வள்ளத்தின் பின்பக்கம் ஒதுங்கிக் கஞ்சி குடித்தோம். பேபிக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளை குடிப்பான் என்று ஒரு பேச்சு. அதை அப்பாவிடம் சொன்னேன். வெளியே தெரிந்தால் சம்பந்தம் கெட்டுப்போகும், யாரிடமும் மூச்சுவிடாதே என்றார். முழுப்பெயர் சொல்லி, குடும்பம் சொல்லி, எல்லாம் பேசினோம்.

தள்ளி நின்ற வள்ளத்தில் புன்னைக்காயல்காரன் ஒருவன் எழுந்து கையை ஆட்டி என்னவோ சொன்னான். உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். "அப்பனும் மவனும் ஏன்யா இப்படிச் சண்டை போடுதீய?"

நாங்கள் ரகசியம் பேசிக்கொண்டிருந்தோம்.