குடிகாரன் என்று பெயர் வாங்கிய கமரா

சென்ற செவ்வாய்க்கிழமை காரை எடுக்கும்போது முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கமரா மூன்று தரம் கத்தியது. மெமரி கார்ட் நிறைந்துவிட்டதாம். வழக்கமாக அது பழைய பதிவுகளை அழித்து அழித்துப் புதியதைப் பதிந்துகொண்டே போகும். ஆனால் நிறுத்திவைத்த காரை யாராவது தட்டினால், அந்த ஒரு நிமிடத்தை மட்டும் அழியாமல் பூட்டி வைத்துக்கொள்ளும். அப்படிப் பூட்டியவைதான் இரண்டு வருடமாகச் சேர்ந்து இடத்தை அடைத்திருந்தன. வீட்டுக்கு எடுத்துப்போய்க் கணினியில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பொனற்றில் குதித்த பூனை, ஒழுங்கையில் கிரிக்கெட் ஆடியவர்களின் பந்து, பின்பக்கமாக வந்து உரசிவிட்டு நல்ல பிள்ளை போல் போன ஓர் ஓட்டோ. பிறகு ஆஸ்பத்திரியின் கார்த் தரிப்பிடம், கதவு அறைந்து சாத்தும் சத்தம், அதைத் தொடர்ந்து உன் குரல்.

நீ போய் ஏழு மாதமாகிறது. அந்த ஒரு நிமிடத்தில் நீ சொன்னதை எழுதுவதற்கு முன், நான் உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

கொழும்பு புதுக்கடையில் ஒரே சட்டத்தரணியிடம் இருபத்தொரு வருடம் எதிரெதிர் மேசையில் இருந்து காணி உறுதிகள் தட்டச்சு செய்தோம். நீ கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தாய், நான் வெள்ளவத்தையிலிருந்து. உன் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டபோது உன் மகன் கனடாவில் இருந்தான். திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணிக்கு டயலிசிஸ். ஓட்டோவில் போய் வருவேன் என்று நீ சொன்னாய். போவது சரி, நாலு மணித்தியாலம் இரத்தம் சுத்திகரித்துவிட்டுக் கால் பிடித்து இழுக்க இழுக்க எப்படித் திரும்பி வருவாய் என்று கேட்டேன். அன்றிலிருந்து என் சின்னக் கார்தான் உன் வாகனம்.

ஆஸ்பத்திரியின் டயலிசிஸ் வாட்டில் பத்து மணிக்கு அடுத்த ஆள் கதிரைக்கு வந்துவிடுவார். பிந்திப் போனவருக்குப் பிந்திய அளவுக்கு நேரம் குறையும், குறைந்த நேரத்தின் நீர் உடம்பிலேயே நிற்கும். ஆகவே அதிகாலை நாலே முக்காலுக்கு என் கார் ஸ்டார்ட் ஆக வேண்டும். எனக்கு அந்த நாட்களில் வேறு கவலை இருக்கவில்லை.

எங்கள் ஃப்ளாட்டில் கார் விட இடமில்லை என்பது உனக்குத் தெரியும். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில்தான் விடுவேன். ஒருநாள் எவனோ பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போய்விட்டான். எனக்கு வந்த கோபத்தைவிட உனக்கு வந்ததுதான் பெரிது. நிறுத்தி வைத்திருக்கும்போதும் பதியிற கமரா பொருத்த வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாய். பற்றறி இறங்கிவிடும் என்று நான் பயந்தேன். "இறங்காமப் பூட்டலாமடி. கொம்மாவும் முற்றுப்புள்ளியும் பார்த்து உறுதி அடிச்ச எங்களுக்கு மூண்டு வயர் பெரிய விஷயமோ?" என்றாய்.

அந்த ஞாயிறு நீ தேவாலயப் பூசை முடிந்து வந்ததும், உன் வீட்டு வாசலில் காரை நிறுத்தி இரண்டு பேரும் வேலையில் இறங்கினோம். பக்கத்து இருக்கையில் இருந்து, ஊசி ஏற்றும் இடது கையைப் பாரம் படாமல் மடியில் வைத்துக்கொண்டு, வலது கையில் போன் வெளிச்சத்தைப் பிடித்தபடி நீ கட்டளையிட்டாய். நான் ஸ்டியரிங்குக்குக் கீழே தலைகீழாகக் கிடந்தேன். கறுப்பு வயர் கார் உடம்பின் ஆணிக்கு. சிவப்பு, கார்த் திறப்பைப் போட்டுத் திருப்பினால் மட்டும் உயிர்வரும் பியூஸுக்கு. மஞ்சள், எந்நேரமும் உயிரோடிருக்கும் பியூஸுக்கு. சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாகக் கொடுத்தால் கார் நின்றது கமராவுக்குத் தெரியாமல் போய்விடும் என்று கையேட்டை இரண்டு தரம் வாசித்துக் காட்டினாய். பற்றறி ஓர் அளவுக்குக் கீழே போனால் கமராவைத் தானாக நிறுத்தும் சின்னப் பெட்டி ஒன்றும் கூடவே இருந்தது. அதைப் பன்னிரண்டு தசம் இரண்டு வோல்ற்றில் வைக்கச் சொன்னாய். இன்னும் இறக்கி வைத்தால் கூட நேரம் பதியுமே என்றேன். கமராவுக்கு மிச்சம் மீதி போதும், காலையில் ஸ்டார்ட் பண்ணப் பற்றறியில் உசிர் இருக்க வேண்டும் என்றாய். இதை ஒரு பொறியியலாளர் கேட்டிருந்தால் உனக்குக் கை தந்திருப்பார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் கைப்பையிலிருந்து அந்தோனியாரை எடுத்தாய். விரல் உயரச் சுரூபம், காலடியில் ஒரு சிவப்புக் குமிழ். டாஷ்போர்டில் இருந்த என் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒட்டினாய். குமிழின் வயரைத் திறப்புப் பியூஸில் கொடுக்கப் போனேன். நீ தடுத்தாய். சாமிக்கு எரிகிற விளக்கைத் திறப்போடு சேர்த்து அணைக்கிறதா என்றாய். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. என் வீட்டுச் சாமியறையிலும் சிவப்புக் குமிழ் இரவு பகல் அணைவதே இல்லை. ஆகவே கமராவுக்கு அத்தனை காவல் போட்ட நாங்கள், அந்தோனியாரை நேரே பற்றறியில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அணையாத குமிழும் பற்றறியைக் குடிக்கும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. சாமி விளக்கை யார் கணக்கில் எடுப்பார்கள்?

தினமும் ஓடிய வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு வெள்ளி மத்தியானம் உன்னை வீட்டில் இறக்கிவிட்டு வந்தவள் காய்ச்சலில் படுத்தேன். சனி, ஞாயிறு காரின் பக்கமே போகவில்லை. திங்கள் காலை திறப்பைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான். உனக்குப் போன் பண்ணினேன். அந்த நேரத்தில் ஓட்டோ பிடித்து நீ போய்ச் சேர ஏழரையாகிவிட்டது. ஒன்றரை மணித்தியாலம் வெட்டினார்கள். அடுத்த நாள் மூச்சு வாங்கி உன்னை வாட்டில் சேர்த்தார்கள். முகத்தில் ஒட்சிசனோடு நீ கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஓர் உடைந்த பக்கக் கண்ணாடிக்காக உன் மூச்சைப் பணயம் வைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அன்றே வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த, கார் வயரிங் வேலை செய்யும் பாஸ் ஒருவரைக் கூட்டிவந்து, கமராவைப் பிடுங்கி எறியச் சொன்னேன். அவர் மீற்றரை வைத்து நிதானமாகப் பார்த்தார். "கமரால ஒரு பிழையும் இல்ல மிஸ். அது டைமுக்கு நிண்டிருக்கு. இந்தச் சிவப்பு லைட்டுத்தான் மூணு நாளா குடிச்சிருக்கு" என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இதைத்தான் உன்னிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நீ அந்தோனியாருக்கு வைத்த விளக்கே உன்னை வாட்டில் படுக்க வைத்தது என்றா? அந்த வருடம் கடவுளோடு உனக்கு ஏற்கெனவே போதுமான வழக்குகள் இருந்தன. கமராவின் அளவை நான்தான் பிறகு இறக்கி வைத்தேன், அதனால் வந்த வினை என்று பொய் சொன்னேன். அந்தோனியாரின் வயரைத் திறப்புப் பியூஸுக்கு மாற்றச் சொன்னேன். நீ ஏறும்போதெல்லாம் கார் ஓடிக்கொண்டிருக்கும், விளக்கும் எரிந்துகொண்டிருக்கும். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நீ என் பொய்யை நம்பினாய், அல்லது நம்பியதாக நான் நம்பினேன். அன்றிலிருந்து கமராவுக்குக் குடிகாரன் என்று பெயர் வைத்தாய். காரில் ஏறி உட்கார்ந்ததும், "குடிகாரன் இண்டைக்கு நிதானமோ?" என்று கேட்பாய். கடைசி வெள்ளிக்கிழமை வரைக்கும் கேட்டாய். அடுத்த ஞாயிறு நித்திரையிலேயே இருதயம் நின்றுவிட்டது. அந்தத் திங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டொக்டர் சொன்னார். அவர் சொன்னதை என் புத்தி ஏற்றது, நெஞ்சு ஏற்கவில்லை.

இனி அந்த ஒரு நிமிடம். திகதியைப் பார்த்தேன், நீ வாட்டிலிருந்து வந்து மூன்றாவது கிழமை. உனக்குக் களைப்பாக இருக்க, உன்னைக் காரில் இருத்திவிட்டுத் திறப்பையும் கையில் கொண்டு நான் மருந்தெடுக்கப் போயிருக்கிறேன். நீ சாத்திய கதவின் அதிர்வில் கமரா விழித்திருக்கிறது. படத்தில் எதிர்ச் சுவர் மட்டும்தான். கொஞ்ச நேரம் உன் மூச்சு கேட்கிறது. பிறகு ஒரு சின்னச் சிரிப்பு.

"அந்தோனியாரே, அணைஞ்சு போய் இருக்கிறீர். அப்ப உம்மட லைட்டுத்தான் பற்றறியக் குடிச்சிருக்கு, என்ன? பாவம் அவள், எனக்கு நோகும் எண்டு தன்ர தலையில போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் கேக்க மாட்டன். நீரும் காட்டிக் குடுக்காதேயும்."

அதோடு பதிவு முடிகிறது. நான் திரும்பி வந்து கதவைத் திறந்தது அதில் இல்லை. ஆனால் அன்றும் நீ வழி முழுவதும் குடிகாரனைத் திட்டிக்கொண்டு வந்திருப்பாய். அதன் பிறகு எட்டு மாதம், கிழமைக்கு மூன்று காலை, எனக்காக அந்தப் பகிடியைச் சொல்லிக்கொண்டே வந்தாய். உன்னை நான் பொத்திப் பொத்திப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு காரோட்டினேன். பக்கத்து இருக்கையில் இருந்து நீ என்னைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாய். இதைக் கேட்டதும் கணினிக்கு முன்னாலேயே விம்மி விம்மி அழுதேன். உன்மேல் கோபமும் வந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்திருக்கலாமே.

நீ கேட்காததால் இப்போது சொல்கிறேன். அன்று பற்றறியைக் குடித்தது விளக்குத்தான். எரியட்டும் என்று சொன்னது நீ, சரியென்று வயரை மாட்டியது நான். ஏழு மாதமாக முழுப் பிழையும் என்னுடையது என்று சுமந்து திரிந்தேன். இனி அதில் பாதிதான் என்னுடையது. மற்றப் பாதியை நீ எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.