கார்பனுக்கு ஐந்தாவது கை

பிப்ரவரி 3
ஆர்கானிக் கெமிஸ்ட்ரி தேர்வில் மறுபடியும் கோட்டை விட்டேன். நூற்றுக்கு முப்பத்தொன்று. எந்த வினைக்கு எந்த விளைபொருள் என்று நூற்றுநாற்பது அட்டை எழுதி நெட்டுருப் போட்டிருந்தேன். கேள்வியில் கரைப்பானை மட்டும் மாற்றியிருந்தார்கள், அது மாறினால் விளைபொருளும் மாறும்; நான் அட்டையில் இருந்ததையே எழுதிவிட்டு வந்தேன். இன்னோர் இடத்தில் கார்பனுக்கு ஐந்து பிணைப்பு! அதற்கு நாலு கைதான் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

ஜூனில் கடைசி வாய்ப்பு. அதிலும் போனால் கல்லூரியில் பெயரை நீக்கிவிடுவார்கள்.

பிப்ரவரி 4
காலை முழுதும் மருந்துக்கடை வேலை. யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 16
விடைப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முப்பது கேள்வி முடித்தேன். எல்லாம் புரிந்தது.

பிப்ரவரி 17
அதில் பத்தை விடை பார்க்காமல் போட்டேன். இரண்டுதான் சரி. அப்போ நேத்து புரிஞ்சது யாருக்கு? எனக்கா, விடைப்புத்தகத்துக்கா?

மார்ச் 2
வீட்டுக்காரர் சாப்பிடும்போது ஒரு வினையை வரைந்து காட்டினேன். "ஏம்மா, இந்த அம்புக்குறி ஏன் இங்கேருந்து கிளம்புது?" என்றார்.

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"லிஃப்ட் ஏன் மேல போகுதுன்னு கேட்டா, பட்டன்ல போட்டிருக்குன்னு சொல்ற மாதிரி இருக்கு."

லிஃப்ட் மெக்கானிக் புத்தி! விருட்டென்று எழுந்து போய்விட்டேன். கேள்வி சரியானது, அதுதான் எரிச்சல்.

மார்ச் 3
முதல் பாடத்திலிருந்து புரட்டினேன். அம்புக்குறி எலக்ட்ரான் இருக்கும் இடத்தில் தொடங்கி, அது தேவைப்படும் இடத்தில் முடிய வேண்டும். நானோ இத்தனை நாளும் ஹைட்ரஜன் அயனியிலிருந்து போட்டிருக்கிறேன். பாவம், அதனிடம் கொடுக்க ஒரு எலக்ட்ரான்கூடக் கிடையாது! ரெண்டு வருஷமா என்னத்தடி படிச்ச?

ஏப்ரல் 11
தினமும் ஆறு கேள்வி, வெற்றுத்தாளில். விடைப்புத்தகம் வீட்டுக்காரருடைய வேலைப் பையில் போகிறது. மாலைதான் கைக்கு வரும். கெஞ்சினாலும் மனிதர் மசிவதில்லை.

மே 20
ஆறில் ஐந்து.

ஜூன் 9
தேர்வு. கடைசிக் கேள்வியில் பார்த்தே அறியாத ஒரு மூலக்கூறு. எலக்ட்ரான் எங்கே கூடுதல், எங்கே குறை என்று மட்டும் தேடினேன். நாலாவது அம்புக்குறியில் கார்பன் சங்கிலி வளைந்து வளையமாக மூடிக்கொண்டது. சரியா? யாருக்குத் தெரியும். பயமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 1
கல்லூரி அலுவலகத்தில் மூன்றாம் ஆண்டுக்கான படிவம் நிரப்பினேன். 'மீண்டும் எழுத வேண்டிய பாடங்கள்' என்ற கட்டத்தை விட்டுவிட்டேன் போல. எழுத்தர் திருப்பி நீட்டினார்: "காலியா விடக்கூடாதும்மா, ஏதாவது எழுதுங்க."

'இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.