உள்ளே நுழையாத இன்சுலின்

ஸ்கூடாய், ஆகஸ்டு 14, வெள்ளி இரவு

இன்று தேவாலயப் பெண்கள் கூட்டத்தில் நீரிழிவைப் பற்றி உரையாற்றினேன். இன்சுலின் சர்க்கரையைச் சுமந்துகொண்டு செல்லுக்குள் நுழைகிறது என்று அறுதியிட்டுக் கூறினேன். பல்கலைக்கழக ஆய்வகத்தில் துப்புரவு வேலை செய்யும் என் நாத்தனார் ரோசி எழுந்தாள்.

“அண்ணி, அது உள்ள போகாதுலா. செல்லுக்கு வெளிய இருக்குற ரிசெப்டர்ல ஒட்டும். உடனே அந்த ரிசெப்டரோட ரெண்டு காலும் கிட்ட வரும். லேப் சுவத்துல படமே இருக்கு.”

“லேப் கூட்டுறவ நீ, எனக்குப் பாடம் எடுக்குறியா?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் அமர்ந்துவிட்டாள்.

வீடு திரும்பி, உரைக்காகப் புரட்டிய நூலை மீண்டும் திறந்தேன். இன்சுலின் வந்து ஒட்டியதும், அகன்று நின்ற ஏற்பியின், அதாவது ரிசெப்டரின், கால்கள் நெருங்குகின்றன. அந்த அசைவே, சர்க்கரையை உள்ளே விடச் சொல்லி செல்லுக்குச் செய்தியாகிறது. அவள் சொன்னது சரி. நானும் மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டவள்தான்.

அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் இதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவளிடம் தனியாகச் சொன்னால் போதாதா என்று மனம் இன்னும் பேரம் பேசுகிறது.