வேதாவின் டேலியாக் கிழங்குகள்

அடி அண்ணாமலை,
பங்குனி மாதம், வியாழக்கிழமை.

அன்பு மகன் புகழேந்திக்கு அப்பா கண்ணாயிரம் எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், குறை மனசுக்குத்தான், அதைப் பின்னால் எழுதுகிறேன். நீ மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். உறையைப் பிரித்ததும் அப்பாவுக்கு இதை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று யோசிப்பாய். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தும் நான் போட்டது. பள்ளிக்கூடத்தில் சாயந்திரம் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்புக்குப் போகிறேன் என்று சொன்னேனே, அது வீண்போகவில்லை. உன் கல்யாணப் பத்திரிகையை எடுத்து ஒரு மத்தியானம் முழுக்கப் படித்தேன். அச்சடித்தவன் உன் சித்தப்பா பெயரைத் தப்பாகப் போட்டிருக்கிறான், படித்தவர்கள் இத்தனை பேர் இருந்தும் ஒருவரும் சொல்லவில்லை, நான் கண்டுபிடித்தேன். கடைத்தெருவுக்குப் போனால் போர்டுகளைப் படித்துக்கொண்டே நின்றுவிடுகிறேன், உன் அம்மா கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன், அடித்துத் திருத்தியிருந்தால் பொறுத்துக்கொள்.

கீழ்பென்னாத்தூரில் உன் அக்கா அன்புச்செல்வி வீட்டில் எல்லோரும் சுகம். அவர்கள் நிலத்தில் மல்லாட்டை (வகுப்பில் வேர்க்கடலை என்று எழுதச் சொல்கிறார்கள்) நன்றாகக் காய்த்திருக்கிறது, பிடுங்குவதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. நம் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளை. நல்ல செய்தி இவ்வளவுதான். இனி எழுதுவதை நீ நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. போனில் சொன்னால் சரிப்பா சரிப்பா என்று சொல்லி வைத்துவிடுவாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

உன் மனைவி வேதா திங்கட்கிழமை குன்னூருக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் உன்னிடம் எப்படிச் சொன்னாளோ தெரியாது, சும்மா பார்த்துவிட்டு வரப் போயிருக்கிறாள் என்று நீ நினைத்திருப்பாய். என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன். நம் வாசல் பக்கம் அவள் வைத்திருந்த டேலியாச் செடிகள் உனக்கு ஞாபகம் இருக்கும். சம்பந்தி அருணகிரி முதல் முறை நம் வீட்டுக்கு வந்தபோது பிஸ்கட் டின்னில் மரத்தூள் நிரப்பி அதில் கிழங்கைப் புதைத்துக் கொண்டுவந்தார். எஸ்டேட் பங்களாத் தோட்டத்தில் அவர் கையால் வளர்த்த செடிகளின் கிழங்கு. திருவண்ணாமலை வெயிலுக்கு மலைப்பூ எங்கே வரப்போகிறது என்று எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். வேதா விடவில்லை. ஐப்பசியில் நட்டு, தையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூக்க வைத்தாள். பங்குனியில் இலை கருகியதும் தோண்டி, நிழலில் ஆறவைத்து, காய்ந்த மணலுக்குள் புதைத்துப் பானையில் வைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். போன கோடையில் தினமும் அவள் அப்பாவுக்குப் போன் போட்டு, கிழங்கு சுருங்குதுப்பா, தண்ணி தெளிக்கட்டுமா வேணாமா என்று கேட்டுக் கேட்டுச் செய்ததை நான் பார்த்தேன். ஆடியில் அவர் தவறிப்போனார். ஐப்பசியில் அவள் யாரையும் கேட்காமல் நட்டாள். அந்தச் செடிகள்தான் இந்தத் தையில் பூத்தன. கிரிவலம் வந்தவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். உனக்கும் அவள் படம் அனுப்பினாளாம், நீ கட்டைவிரல் போட்டாயாம். குன்னூரில் அவர்கள் இருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அங்கேயே வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள், பங்களாத் தோட்டத்தையும் கார் நிறுத்துவதற்காக மட்டமாக்கிவிட்டார்கள் என்று அவள் அண்ணன் சொன்னது உனக்கும் தெரியும். ஆகையால் சம்பந்தி கை பட்ட கிழங்கு உலகத்தில் நம் வாசலில் மட்டும்தான் இருந்தது.

பங்குனிப் பௌர்ணமிக்கு வாசலில் மோர்ப்பந்தல் போடவேண்டும் என்பது உன் அம்மாவின் வேண்டுதல். அந்தக் கூட்டத்தில் செடி மிதிபட்டுப் போகும். செவ்வாய்க்கிழமை கடை லீவு, அன்றைக்குத் தோண்டிவிடுகிறேன் அத்தை என்று வேதா சொல்லியிருந்தாள். தண்டையெல்லாம் ஒரு சாண் விட்டு வெட்டி, எது எந்த நிறம் என்று அடையாளத்துக்குத் துணி கூடக் கட்டி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு எழுத்தறிவுப் பரீட்சை. நான் சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். வேதாவும் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டாள். உன் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. நாளெல்லாம் கடையில நின்னுட்டு வர்ற புள்ள, லீவு நாள்ல மண்வெட்டி புடிக்கணுமா, நாமளே செஞ்சிடலாம்னு பக்கத்து வீட்டு எல்லம்மாளைக் கூப்பிட்டிருக்கிறாள். இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து மல்லாட்டை ஆய்ந்தவர்கள். செடியைப் பிடுங்கி, காயை ஒரு பக்கம் உருவிப் போட்டு, கொடியை இன்னொரு பக்கம் வீசுகிற கை. அதே மாதிரி ஒவ்வொரு கிழங்கையும் தண்டிலிருந்து உருவி எடுத்துவிட்டு, தண்டையெல்லாம் எருக்குழியில் போட்டுவிட்டார்கள். அதோடு விடாமல் கிழங்கை மண் போகக் கழுவி, மொட்டை மாடியில் மல்லாட்டை காயப்போடுவது போல வெயிலில் பரப்பிவிட்டார்கள்.

வேதா வந்ததும் உன் அம்மா பெருமையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாளாம். பாரும்மா, ஒண்ணு கூட ஒடையாம ஆஞ்சிருக்கோம்னு சொன்னாளாம். வேதா ஒரு கிழங்கை எடுத்து அதன் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தண்டு எங்க அத்தைன்னு கேட்டிருக்கிறாள். தண்டு எதுக்கு, எருக்குழியில கெடக்குதுன்னு அம்மா சொல்ல, மொளை வர்ற கண்ணு தண்டோட அடியிலதான் அத்தை இருக்குது, வெறுங் கெழங்கு மொளைக்காதுன்னு மெதுவாகச் சொன்னாளாம். அதற்கு எல்லம்மாள், கெழங்குன்னா அவிச்சித் துன்னணும், இன்னாத்துக்கும்மா இத பட்டுப்பொடவ கணக்கா பொத்திப் பொத்தி வெக்கிறேன்னு சிரித்திருக்கிறாள். அதுகூடப் பரவாயில்லை, அவள் வாய் ஊருக்கே தெரிந்தது. உன் அம்மாதான், தான் செய்தது தப்பாகிவிட்டதே என்ற பதற்றத்தில், உங்கப்பா வூட்டுல இல்லாத கெழங்கா, போயி நாலு வாங்கியாந்தா ஆச்சின்னு சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்திருக்கிறது. அதைச் சமாளிக்க உனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருக்கிறாள். நீ சிரித்துவிட்டு, ஒரு பூச்செடிக்கா இவ்ளோ ரகளை, ஆன்லைன்ல ஆர்டர் போட்டுக்கச் சொல்லும்மான்னு சொன்னாய். அவள் பக்கத்தில் நின்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அது உனக்குத் தெரியாது. அதைத் தெரிவிக்கத்தான் இவ்வளவு எழுத்தையும் எழுதுகிறேன்.

நான் இது எதுவும் தெரியாமல், கூடப் படிக்கிறவர்களோடு டீ குடித்துவிட்டு, பொழுது சாயத் துள்ளிக்கொண்டு வந்தேன். எருக்குழிப் பக்கம் வேதா குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். வேதா, கடைசிக் கேள்வி வரைக்கும் எழுதிட்டேன்மான்னு கத்தினேன். அவள் நிமிர்ந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சூப்பர் மாமா, எனக்குத் தெரியும் நீங்க எழுதிடுவீங்கன்னு சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் சோறு இறங்கவில்லை. அழவில்லை, சண்டை போடவில்லை, எல்லோருக்கும் தோசை ஊற்றிப் போட்டாள். மறுநாள் காலையில், அம்மாவ பாத்துட்டு வர்றேன் மாமான்னு கிளம்பிவிட்டாள். உன் அம்மா பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டாள். இங்கே வந்ததிலிருந்து தொடாத ஸ்வெட்டர் இரண்டையும் எடுத்துப் போயிருக்கிறாள். பார்த்துவிட்டு வருகிறவளுக்கு எதற்கு இரண்டு? நான் போன் போட்டால் எடுக்கிறாள், சாப்டீங்களா மாமா, மாத்திரை போட்டீங்களான்னு கேட்கிறாள். எப்பம்மா வர்றேன்னு கேட்டால், பாக்கலாம் மாமா என்கிறாள். அவள் கோபமாகப் பேசியிருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது.

எருக்குழியை நான் மறுபடியும் கிளறிப் பார்த்தேன். அவள் பொறுக்கி வைத்ததோடு சேர்த்துக் கொஞ்சம் தண்டு கிடைத்தது, சிலதில் ஒரு கிழங்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது, பலதில் இல்லை. துணி கட்டியதெல்லாம் அவிழ்ந்துவிட்டது, எது எந்த நிறம் என்று இனி தெரியாது. வேங்கிக்காலில் நர்சரி வைத்திருப்பவரிடம் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணு இருக்கற மாதிரியும் தெரியுது, இல்லாத மாதிரியும் தெரியுது, எதுக்கும் மணல்ல வைங்க பெரியவரே, நட்டாதான் தெரியும்னு சொல்லிவிட்டார். அவள் செய்ததைப் பார்த்து வைத்திருந்தபடி மணலை வறுத்து ஆறவைத்துப் பானையில் புதைத்திருக்கிறேன். தினமும் திறந்து பார்க்கக் கை துறுதுறுக்கிறது, திறந்தால் கெட்டுப்போகுமோ என்று அடக்கிக்கொள்கிறேன். உன் அம்மா அன்றையிலிருந்து மொட்டை மாடி ஏறவில்லை. துணியெல்லாம் வேலியில்தான் காய்கிறது. ஒத்தாசையா செஞ்சது ஒபத்திரவமா போச்சேன்னு ஒரு சமயம் அழுகிறாள், நான் இன்னா கொலையா பண்ணிட்டேன்னு ஒரு சமயம் என் மேல் பாய்கிறாள். அவளை நீ போனில் ஒன்றும் கேட்காதே.

உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை தம்பி. சம்பந்தி காரியத்துக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை, அது உன் கையில் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவரைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசினாயா என்று யோசித்துப் பார். எங்கள் முன்னால் அவள் அவரைப் பற்றிப் பேசுவதில்லை. செடியிடம்தான் பேசினாள். நீ அவளுக்குப் போன் போடும்போது எப்போது திரும்பிப் போகிறாய் என்று கேட்காதே, கிழங்கு வாங்கித் தருகிறேன் என்றும் சொல்லாதே. அவங்க அப்பா எப்படிப்பட்டவர், அந்தத் தோட்டத்தில் என்னென்ன வைத்திருந்தார் என்று கேள். கேட்டுவிட்டு, டூட்டி என்று வைக்காமல் அவள் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிரு. அந்த ஸ்பீக்கரில் சொன்னதற்கு என்ன சொல்லவேண்டுமோ அதை நீயே சொல், அதை நான் உனக்காகச் சொல்லமாட்டேன்.

நாளை காலை நான் குன்னூருக்குப் புறப்படுகிறேன். உன் பெரியப்பா ராமதாஸ் கேள்விப்பட்டு வந்து, கோவிச்சிக்கினு போன மருமவள கூப்புட மொதல்ல ஆளு அனுப்பணும், மாமனாரே போயி வாசல்ல நின்னா நம்ம மரியாத இன்னா ஆவறதுன்னு சத்தம் போட்டார். மரியாதையை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறேன் அண்ணா, திரும்பி வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். சேலம் போய், மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து மலை ஏறவேண்டும். முன்பெல்லாம் பஸ் ஸ்டாண்டில் யாரையாவது கேட்டுக் கேட்டு ஏறுவேன், இந்த முறை போர்டை நானே படித்து ஏறுவேன். அங்கே போய் அவளை வா என்று கூப்பிடப் போவதில்லை. அவள் அம்மாவைப் பார்த்துவிட்டு, கிழங்கு முளைத்தாலும் முளைக்கலாம் முளைக்காமலும் போகலாம், அதை நட்டுப் பார்க்க எங்களுக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும் என்று அவளிடம் உள்ளதைச் சொல்வேன். வருவாளா என்று எனக்குத் தெரியாது. நீ இதைப் படிக்கும்போது தெரிந்திருக்கும்.

உன் அம்மா நேற்று, வாய் தவறிப் பேசிட்டேன்னு அவகிட்ட நான் சொன்னதா சொல்லிடுன்னு என்னிடம் கேட்டாள். முடியாது, உன் வாயிலிருந்து வந்ததை உன் வாய்தான் திருப்பி எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவ வூட்டு வாசப்படிய நான் மிதிக்கறதான்னு முறைத்துக்கொண்டு உள்ளே போனாள், அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அம்மா எல்லம்மாள் வீட்டு மரத்தில் இரண்டு எலுமிச்சம்பழம் பறித்து, முகர்ந்து பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டு என்னைத் தாண்டிப் போகிறாள். மலைப் பஸ்ஸில் வாந்தி வருகிறவர்கள்தான் எலுமிச்சம்பழம் கொண்டுபோவார்கள். எனக்கு எந்த மலையிலும் வாந்தி வந்ததில்லை. நான் எழுதுவது போலவே தலையைக் குனிந்துகொண்டேன்.

அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் உன் கூடவே இருந்து உன்னையும் வேதாவையும் ஒரு குறையும் வராமல் காக்கவேண்டும். தண்ணீர் நிறையக் குடி, ராத்திரி வேலை என்றால் மறுநாள் பகலில் தூங்கு. இதைப் படித்து முடித்த கையோடு முதலில் அவளுக்குப் போன் போடு, எங்களுக்கு அப்புறம் போடலாம்.

இப்படிக்கு, உன் நலமே நாடும்
அப்பா,
க. கண்ணாயிரம்
(என் கையெழுத்து. கைநாட்டு இல்லை.)