இறந்தவர் பக்கத்தில் அர்கிரிஸ்

மே 13, திங்கள்

நாளை காலை ஆறு மணிக்குப் பஸ். எங்கள் ஊர்க் கோயில்காரர்கள் இருபத்தெட்டுப் பேர், அப்போஸ்தலர் பவுல் நடந்த இடமெல்லாம் பார்க்கப் போகிறோம். மீன் வறுவல் கடை அடுப்பை மகளிடம் ஒப்படைத்தாயிற்று. "பவுலு நடந்து போனாரு, நீ பஸ்ல போற. பாதிப் புண்ணியந்தாம்மா கெடைக்கும்" என்கிறாள். என் வாய் அவளுக்கு அப்படியே வந்திருக்கிறது.

கடைசி நாள் ஃபிலிப்பி. அங்கிருந்து கவாலா இருபது நிமிஷம். கவாலாவில் என் தம்பி அர்கிரிஸ் இருக்கிறான். பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. இங்கே எழுதிவிட்டேன், போதும்.

மே 14, செவ்வாய். வேரியா

பவுல் பிரசங்கம் செய்த படிக்கட்டைப் பார்த்தோம். என் முட்டிக்கு அவர் இன்னும் இரண்டு படி குறைத்திருக்கலாம்.

பிறகு பழைய சின்னக் கோயிலில் ஜெபம். ஜெபத்தில் வாசிக்க எல்லோரும் பெயர்த் தாள் கொடுத்தோம். இடது பக்கம் உயிரோடு இருப்பவர்கள், வலது பக்கம் இறந்தவர்கள். அர்கிரிஸ் பெயரை எப்போதும் கடைசியில்தான் எழுதுவேன். கை தயங்கும். ஆனாலும் ஒரு தடவைகூட விட்டதில்லை. அவனுக்காக நான் செய்வது அது ஒன்றுதான்.

கண்ணாடி பைக்குள் இருந்தது. காலி இடம் தெரிந்த பக்கத்தில் அவன் பெயரை எழுதினேன்.

எங்களோடு வந்த எங்கள் கோயில் நெக்தாரியோஸ் சாமி இறந்தவர்கள் பெயரை உரக்க வாசித்தார். என் அம்மா பெயர், அப்பா பெயர். அடுத்து, "அர்கிரிஸ்."

மற்ற இருபத்தேழு பேரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "இல்லை, அவன் இருக்கிறான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. எனக்கு, எல்லார் காலையும் வாரும் பொலிக்ஸேனிக்கு, வாய் அடைத்துப் போயிற்று.

பக்கத்து வீட்டு அஸிமீனா கட்டிக்கொண்டாள். "அடியே, எப்படீ போனான்? ஒரு வார்த்த சொல்லலியே. ஊருக்குப் போனதும் நானே கோதுமை அவிச்சுத் தரேன், நாப்பதாம் நாள் திவசத்துக்கு."

இவள் கோதுமையை அவித்தே தீருவாள்.

மே 15, புதன். தெசலோனிக்கி

காலையில் சாமியிடம் உண்மையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"உசுரோட இருக்கவனுக்கு அதனால ஒண்ணும் ஆகாது. தப்பா எழுதினதுக்கா அவ்வளவு அழுத?" என்றார்.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கல்யாணத்தைச் சொன்னேன். அவன் மகள் கல்யாணம். வாழ்த்துச் சொல்ல அர்கிரிஸ் கையில் கோப்பையோடு எழுந்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்குத் திக்கும். "எ-என் ம-ம" என்று நின்றான். நான் எழுந்து அவனைப் போலவே திக்கித் திக்கி அந்த வாக்கியத்தை முடித்து வைத்தேன். சம்பந்தி வீட்டார்கூடச் சிரித்தார்கள். அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது என் பையைச் சாமியே தூக்கிக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் அஸிமீனாவிடமும் சொன்னேன். அவள் முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ, நேத்தே கவாலாவுல எங்க சித்தி மகளுக்குப் போன் பண்ணிட்டேனே. அவ கறுப்பு உடுத்திக்கிட்டு அவன் வீட்டுக்கே துக்கத்துக்குப் போயிட்டா."

"யாரு கதவத் தொறந்தா?"

"அவனேதான்."

"என்ன சொன்னான்?"

"நம்ம பஸ்ஸு எப்ப, எங்க நிக்கும்னு மட்டும் கேட்டானாம்."

திட்டத்தான் வருவான். வரட்டும். திட்டவாவது வரட்டும்.

மே 16, வியாழன், காலை

கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். மாடு மாதிரி இருக்கிறது.

அதே நாள், சாயங்காலம்

ஃபிலிப்பி இடிபாடுகளில் நான் ஒரு கல்லையும் பார்க்கவில்லை. பிறகு பவுலிடம் லிதியா ஞானஸ்நானம் வாங்கிய ஆற்றுக்குப் போனோம். மரத்தடியில் அர்கிரிஸ் நின்றான். மீசை நரைத்துவிட்டது. அப்பாவே நிற்பது போல இருந்தது. கையில் துணி மூடிய பெரிய தட்டு.

அஸிமீனா சாமிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அவன் என் முன்னால் வந்து துணியை விலக்கினான். அவித்த கோதுமை, மேலே சர்க்கரை, மாதுளை முத்து, பாதாமால் போட்ட சிலுவை. இறந்தவருக்காகப் பங்கிடுவது.

"எ-எ-என்..." என்று ஆரம்பித்தான்.

என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வார்த்தை என் நாக்கு நுனியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

"என் தி-தி-திவசத்துக்கு நா-நானே கொண்டுவந்தேன், அ-அக்கா. நீ ச-சர்க்கரைய கம்மியாப் போடுவ."

முதலில் சிரித்தது அவன்தான்.

"மன்னிச்சுக்கடா" என்றேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டதோ என்னவோ. ஒரு கரண்டி எடுத்து என் வாயில் திணித்தான். கேட்டிருக்க வேண்டும்.

இருபத்தெட்டுப் பேரும் தின்றோம், செத்தவன் பரிமாற. சாமி இரண்டு தடவை வாங்கினார்.

ஜூன் 2, ஞாயிறு

இன்று பெயர்த் தாளில் இடது பக்கம் முதல் பெயராக அவனை எழுதினேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை சரிபார்த்தேன்.

மதியம் கடையில் கூட்டம். மத்தி மீனை எண்ணெயில் போட்ட நேரம் பார்த்து அர்கிரிஸ் போன் செய்தான். ஏதோ சொல்ல ஆரம்பித்து முதல் எழுத்திலேயே நின்றான். மகள் கரண்டியைக் காட்டிக் காட்டிக் கூப்பிட்டாள். நான் கையமர்த்தினேன்.

சட்டி மீன் அத்தனையும் கருகிப் போயிற்று. அவன் சொல்லி முடித்தான்.